இருபது நிமிடத் தாமதத்துக்கு ஒரு விளக்கம்

நீளமான பதிவு. அவசரத்தில் இருப்பவர்கள் ஒரு லைக் போட்டுவிட்டு நகரலாம், வருத்தமில்லை. நிதானமாக இருப்பவர்கள் கடைசிவரை படியுங்கள்.

இத்தாலிப் பயணப் படங்களை என் மகள் போன வாரம் போட்டிருந்தாள். நிறையப் பேர் வாழ்த்தியிருந்தீர்கள், நன்றி. அதன் கீழே என் மைத்துனர் ஒரு வரி எழுதியிருந்தார்: "சியெனாவில் மட்டும் அத்தான் பஸ்ஸை இருபது நிமிஷம் காக்க வைத்தார். நாற்பது பேருக்குத் தண்டனை." கூடவே நான்கு சிரிப்புப் பொம்மைகள். அதைப் பார்த்துவிட்டு என் பழைய மாணவன் ஒருவன், "சார், எங்களைப் பிந்தி வந்ததற்கு முட்டி போட வைப்பீர்களே!" என்று கேட்டிருந்தான். நியாயமான கேள்வி.

தாமதம் என் தவறு. பஸ்ஸில் மைக்கை வாங்கி எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டேன். கேட்க வேண்டியதுதான், வெயிலில் வயதானவர்களும் காத்திருந்தார்கள். ஆனால் எதைப் பார்ப்பதற்காகப் பிந்தினேனோ, அதற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன். அதற்குப் பிறகு பஸ்ஸில் ஒரு பேச்சு நடந்தது. அதற்கு அன்று பதில் சொல்லாமல் விட்டது இன்றுவரை உறுத்துகிறது. இந்தப் பதிவு அதற்குத்தான்.

முதலில் ஊரைச் சொல்கிறேன். ஃப்ளாரன்ஸுக்கும் ரோமுக்கும் இடையில், டஸ்கனி மாநிலத்தில் உள்ள பழைய மலைநகரம் சியெனா. மூன்று மலைமுகடுகள் ஒன்றுகூடும் இடத்தில் ஊரின் நடுத்திடல். பழைய ஊரின் மையத்துக்குள் கார்கள் வருவதை 1960களிலேயே தடுத்த நகரங்களில் இதுவும் ஒன்று. சுற்றுலாப் பஸ் அடிவாரத்தில் நின்றுவிடும், மின்படிக்கட்டில் ஏறி நடக்க வேண்டும். எங்களுக்குக் கொடுத்த நேரம் காலை 11.15 முதல் மதியம் 1.30 வரை. ஏறி இறங்கி நடக்கிற நேரம் போக, கையில் மிஞ்சியது ஒன்றரை மணி நேரம்.

அந்த ஒன்றரை மணி நேரத்தில் எங்கள் குழு செய்தது இது. காம்போ என்கிற அந்தத் திடலுக்குப் போனோம். சிப்பி விரித்ததுபோல் சரிந்து இறங்கும், செங்கல் பாவிய அழகான திடல். வழிகாட்டி ஒரு கோபுரத்தைக் காட்டி, "உயரம் 87 மீட்டர்" என்றார். எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம். குழுப்படம். பிறகு ஜோடிப்படம். பிறகு கோபுரத்தை உள்ளங்கையில் தாங்குவதுபோல் ஒரு படம். அப்புறம் ஐஸ்கிரீம் வரிசை. அப்புறம் ஃபிரிட்ஜில் ஒட்டுகிற காந்தப் பொம்மை. "சியெனா முடிஞ்சது, அடுத்து ரோம்" என்றார் ஒருவர், விடைத்தாளில் ஒரு கேள்விக்கு டிக் அடித்ததுபோல.

அந்தக் கோபுரத்தின் அடியில் இருப்பது நகராட்சி மாளிகை. 1297-ல் கட்டத் தொடங்கியது. அதற்குள் ஒரு அறை இருக்கிறது, அதன் மூன்று சுவர்களில் ஓவியம் இருக்கிறது, அதைப் பார்க்காமல் சியெனாவைப் பார்த்தேன் என்று சொல்லக்கூடாது என்று புத்தகத்தில் படித்துவிட்டுத்தான் விமானமே ஏறினேன். பயணத் திட்டத்தில் அது இல்லை. "உள்ளே மியூசியம்தான் சார், டிக்கெட் தனி, நேரம் பத்தாது" என்றார்கள். பேத்தி (ஆறாம் வகுப்பு) ஐஸ்கிரீமை முடித்துவிட்டுச் சும்மா நின்றாள். கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

1287 முதல் 1355 வரை சியெனாவை 'ஒன்பதின்மர்' என்ற குழு ஆண்டது. ஒரு குழுவுக்குப் பதவி இரண்டே மாதம். அந்த இரண்டு மாதமும் அந்த மாளிகையிலேயே தங்கியிருக்க வேண்டும். அவர்கள் கூடி முடிவெடுத்த அறையின் சுவர்களில் 1338-39-ல் அம்ப்ரோஜியோ லொரென்ஸெட்டி என்ற உள்ளூர் ஓவியர் வரைந்தார். என்ன வரையச் சொன்னார்கள்? ராஜாவின் பட்டாபிஷேகம் இல்லை, போர் வெற்றி இல்லை. நல்லாட்சி நடந்தால் ஊர் எப்படி இருக்கும், கெட்ட ஆட்சி நடந்தால் எப்படி இருக்கும் என்று வரையச் சொன்னார்கள். தீர்மானம் போட உட்காருகிறவன் தலையை நிமிர்த்தினால் கண்ணில் படும்படி!

நல்லாட்சிச் சுவரில் ஊர் ஜேஜே என்றிருக்கிறது. கூரைமேல் சாரம் கட்டிக் கொத்தனார்கள் வேலை செய்கிறார்கள். செருப்புக் கடை இருக்கிறது. கழுதைமேல் மூட்டை போகிறது. தெருவில் கைகோத்து ஆடுகிறார்கள். நகரவாசலுக்கு வெளியே ஒரு குடியானவன், வயிற்றில் வெள்ளைப் பட்டை போட்ட கறுப்புப் பன்றியை ஓட்டிக்கொண்டு சந்தைக்கு வருகிறான். வயலில் அறுப்பு நடக்கிறது. நானும் பேத்தியும் விரலால் காட்டிக் காட்டி எண்ணிக்கொண்டிருந்தோம். திடீரென்று அவள் கத்தினாள்: "தாத்தா, உங்களை மாதிரி ஒருத்தர்!" பார்த்தால், செருப்புக் கடைக்குப் பக்கத்தில் ஒரு வாத்தியார். உயரமான இருக்கையில் உட்கார்ந்து பாடம் நடத்துகிறார், முன்னால் மாணவர்கள். முப்பத்தொரு வருடம் சாக்பீஸ் பிடித்தவன் நான். ஒரு நல்ல ஊருக்கு என்னென்ன வேண்டும் என்று எழுநூறு வருடத்துக்கு முன்னால் பட்டியல் போட்டவன், கொத்தனாருக்கும் செருப்புக் கடைக்கும் நடுவில் வாத்தியாரையும் சேர்த்திருக்கிறான். கண் கலங்கிவிட்டது. இருபது நிமிடத்தில் ஐந்து நிமிடம் அங்கேயே போயிற்று.

நடுச்சுவரில் நீதி ஒரு பெண்ணாக, தராசோடு இருக்கிறாள். தராசின் இரண்டு பக்கத்திலிருந்தும் இறங்குகிற இழைகளைக் கீழே இருக்கிற ஒற்றுமை என்ற பெண் கயிறாக்கி, வரிசையில் நிற்கும் இருபத்துநான்கு குடிமக்கள் கையில் கொடுக்கிறாள். அவர்கள் பிடித்துக்கொண்டு போய், ஊரின் உருவமாக உட்கார்ந்திருக்கும் பெரியவரிடம் சேர்க்கிறார்கள். அந்த ஒற்றுமையின் மடியில் என்ன இருக்கிறது தெரியுமா? தச்சருடைய இழைப்புளி. மேடு பள்ளத்தைச் சீவிச் சமன் செய்கிற கருவி. ஒற்றுமை என்றால் கட்டிப்பிடித்துக்கொள்வது என்றுதான் நான் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். அவர்களோ இழைப்புளியை வைத்திருக்கிறார்கள். இழைத்தால் யாருக்காவது வலிக்கத்தான் செய்யும்.

நகரவாசலுக்கு மேலே பாதுகாப்பு என்ற இன்னொரு பெண் பறக்கிறாள். எல்லோரும் பயமில்லாமல் போய்வரலாம் என்ற பொருளில் ஒரு கையில் ஓலை. மறு கையில் தூக்குமரம், அதில் தொங்குகிற ஒரு ஆள். பேத்தி கொஞ்சம் பயந்துவிட்டாள்.

எதிர்ச்சுவர் நிறையச் சிதைந்திருக்கிறது. ஆனாலும் புரிகிறது. கொம்பும் கோரைப்பல்லுமாகக் கொடுங்கோன்மை உட்கார்ந்திருக்கிறது. அதன் காலடியில் நீதியைக் கட்டிப் போட்டிருக்கிறார்கள். தெருவில் ஒரே ஒரு தொழில்தான் நடக்கிறது: ஆயுதம் அடிக்கிற கொல்லனுடைய தொழில்.

கடிகாரத்தைப் பார்த்தபோது மணி 1.25. ஓடினோம். என் வயதில் ஓடுவது எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

இனி பஸ் கதை. மன்னிப்புக் கேட்டு உட்கார்ந்ததும், கோபத்தைத் தணிக்க நினைத்தோ என்னவோ, மைத்துனர் பேச்சை மாற்றினார். "என்ன இருந்தாலும் அத்தான், எவ்வளவு சுத்தம் பாருங்க. ஒரு பேப்பர் கிடக்குதா? இவங்களுக்கு ரத்தத்திலேயே ஒழுங்கு இருக்கு. நம்ம ஜனங்களுக்குச் சாகிற வரைக்கும் வராது." சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் ஆமாம் போட்டார்கள். ஆளுக்கொரு உதாரணம் சொன்னார்கள். நம்மை நாமே திட்டிக்கொள்வதில் ஒரு சந்தோஷம் இருக்கிறதே, அது பஸ் முழுக்கப் பரவியது. பேத்தி என் காதில் கேட்டாள்: "நம்ம ரத்தம் வேறயா தாத்தா?"

அதற்குள் பாட்டுப் போட்டி ஆரம்பித்துவிட்டது. நானும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். "அப்புறம் சொல்றேன்டா" என்று சொல்லித் தட்டிக் கழித்துவிட்டேன். ஒரு ஆசிரியன் செய்யக்கூடாத காரியம் அது. இப்போது சொல்கிறேன்.

தம்பி, நீங்கள் நல்லவர். அந்தப் பத்து நாளும் உங்கள் அக்காவின் பெட்டியை என்னைத் தூக்க விடாமல் நீங்கள்தான் தூக்கினீர்கள். ஆனால் நீங்கள் சொன்னது தப்பு. தப்பு மட்டுமில்லை, குழந்தைகள் காதில் விழக்கூடாத தப்பு.

ரத்தத்திலேயே ஒழுங்கு இருந்தால் பாதுகாப்பின் கையில் தூக்குமரம் எதற்கு? எழுநூறு வருடத்துக்கு முந்தைய சியெனாக்காரனுக்கு அவனுடைய ரத்தத்தின்மேல் துளி நம்பிக்கையும் கிடையாது. ஆட்சி கெட்டால் அதே தெரு, அதே ஜனம், அதே ரத்தம் எப்படி நாறிப்போகும் என்பதை எதிர்ச்சுவரில் அவனே வரைந்து வைத்திருக்கிறான். எங்கேயோ இருக்கிற காட்டுமிராண்டிகளை வரையவில்லை, தன்னைப் போன்ற ஒரு ஊரைத்தான் வரைந்திருக்கிறான்.

நீங்கள் வியந்த அந்தத் திடலையே எடுத்துக்கொள்ளுங்கள். சுற்றியிருக்கும் வீடுகள் ஒன்றுக்கொன்று பொருந்தி நிற்கின்றன, "என்ன ரசனை!" என்றீர்கள். காம்போவைப் பார்த்துக் கட்டுகிற வீட்டுக்கு இப்படித்தான் தூண் வைத்த ஜன்னல் இருக்க வேண்டும், பால்கனி நீட்டக்கூடாது என்று 1297-லேயே சட்டம் போட்டார்கள். சட்டம் போட்டார்கள் என்றால் என்ன அர்த்தம்? நீட்டுகிறவர்கள் இருந்தார்கள் என்று அர்த்தம். நம் தெருவில் படிக்கட்டை ரோட்டுக்கு இழுத்துவிடுகிற பக்கத்து வீட்டுக்காரர் அங்கேயும் இருந்தார். அவரை விடவில்லை, அவ்வளவுதான்.

தண்ணீர்? மலைமேல் ஊர், பக்கத்தில் ஆறு கிடையாது. பாறையைக் குடைந்து குடைந்து சுமார் 25 கிலோமீட்டருக்குச் சுரங்க வாய்க்கால் வெட்டினார்கள். போத்தினி என்று பெயர். திடலில் நீங்கள் சாய்ந்து நின்று படம் எடுத்துக்கொண்டீர்களே அந்த நீரூற்று, அதற்குத் தண்ணீர் வந்ததும் அப்படித்தான். நம் பஸ் நின்ற பக்கத்தில் ஃபோன்டே பிராண்டா என்று இன்னொரு பழைய ஊற்று இருக்கிறது. முதல் தொட்டி குடிக்க, அது வழிந்து இரண்டாவது தொட்டி ஆடுமாடுகளுக்கு, அது வழிந்து மூன்றாவது தொட்டி துணி துவைக்க. சுத்தம் எங்கிருந்து வருகிறது என்று அந்த மூன்று தொட்டிகளும் சொல்லும். வரி கட்டி, கூலி கொடுத்து, தலைமுறை தலைமுறையாகக் குடைந்த சுரங்கத்திலிருந்து வருகிறது.

மொழி ஆசிரியர்களாக இருக்கும் என் மாணவர்கள் இதைக் கவனியுங்கள். அந்தக் காலத்தில் சட்டமெல்லாம் லத்தீனில். படித்தவனுக்கு மட்டும்தான் புரியும். 1309-10-ல் சியெனாக்காரர்கள் தங்கள் நகரத்தின் சட்டத்தொகுப்பு முழுவதையும் தெருவில் பேசுகிற பாஷையில் எழுத வைத்தார்கள். லத்தீன் தெரியாத ஏழை எளியவர்களும் பார்த்துக்கொள்ளும்படி, நன்றாகப் படிக்க வருகிற பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று உத்தரவு. ஒருவன் எந்த விதிக்குக் கட்டுப்பட வேண்டுமோ, அந்த விதி அவனுக்குப் புரிகிற மொழியில் இருக்க வேண்டும். ஒழுங்கு அங்கே ரத்தத்தில் ஓடவில்லை தம்பி, பெரிய எழுத்தில் எழுதியிருந்தது.

உடனே "அப்படியென்றால் அவர்கள் மகா உத்தமர்கள்" என்று யாரும் கிளம்ப வேண்டாம். அந்த ஒன்பதின்மர் ஆட்சி முழு ஜனநாயகம் இல்லை. வசதியான வணிகர்களின் ஆட்சி. பிரபுக்களையும் வெளியே நிறுத்தினார்கள், சாதாரணத் தொழிலாளியையும் உள்ளே விடவில்லை. ஃப்ளாரன்ஸோடு தலைமுறை தலைமுறையாகப் பகை. உலகத்திலேயே பெரிய மாதா கோயிலாகக் கட்டிவிட வேண்டும் என்ற வீம்பில், இருக்கிற பேராலயத்தையே ஒரு குறுக்குக் கையாக வைத்து 1339-ல் புதிதாக ஒன்றைத் தொடங்கினார்கள். 1348-ல் கொள்ளைநோய் வந்தது. ஊரில் பாதிப்பேர் போலச் செத்தார்கள். அந்த ஊர்க்காரர் ஒருவர் தன் ஐந்து பிள்ளைகளைத் தன் கையாலேயே புதைத்ததாக எழுதி வைத்திருக்கிறார். சுவரில் ஊரே ஆடிப்பாட வரைந்த லொரென்ஸெட்டியும் அந்த நோயில்தான் போயிருக்க வேண்டும் என்று கருதுகிறார்கள். கட்டிய கோயில் நின்றுபோனது. கூரையில்லாத அதன் மொட்டைச் சுவர் இன்றும் நிற்கிறது. நம் குழுவில் சிலர் அதன் முன்னால் நின்று படம் எடுத்தார்கள். அது என்ன சுவர் என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஏழே வருடத்தில், 1355-ல், ஒன்பதின்மர் ஆட்சியும் கலகத்தில் கவிழ்ந்தது. 1555-ல் நீண்ட முற்றுகைக்குப் பிறகு ஊர் பட்டினியில் பணிந்து, ஃப்ளாரன்ஸ்காரர்களின் ஆட்சிக்குள் போயிற்று. பிறகு பெரிதாக வளரவில்லை. இடித்துக் கட்டப் பணமில்லாததும் அந்தப் பழைய ஊர் அப்படியே மிஞ்சியதற்கு ஒரு காரணம். அதாவது, நாம் வியந்து பார்த்தது ஜெயித்தவர்களின் ரத்தத்தை அல்ல. முயன்று, சண்டை போட்டு, தோற்று, இருந்ததை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்ட ஒரு ஊரை.

பத்திரமாக வைத்துக்கொள்வதும் தானாக நடப்பதில்லை. ஊர் பதினேழு பேட்டைகளாகப் பிரிந்திருக்கிறது. நத்தை, வாத்து, ஆமை, முள்ளம்பன்றி என்று பெயர்கள். எல்லையை 1729-ல் வரையறுத்தார்கள். ஒவ்வொரு பேட்டைக்கும் தனிக் கோயில், தனிக் கொடி, தனி ஊற்று. வருடத்துக்கு இரண்டு முறை, ஜூலை 2-லும் ஆகஸ்ட் 16-லும், அதே திடலில் குதிரைப் பந்தயம். ஒன்றரை நிமிடம்கூட முழுதாக ஓடாத பந்தயத்துக்கு வருடம் முழுக்கப் பேட்டைக்காரர்கள் கூடிக் கூடிப் பேசுகிறார்கள். என் பேட்டை, என் ஊற்று என்ற ரோஷம் இருப்பவன் அதில் குப்பையைப் போடுவானா?

"இதெல்லாம் ரெண்டு மணி நேரத்தில எப்படித் தெரியும் அத்தான்?" என்று கேட்பீர்கள். நானும் அதைத்தான் சொல்கிறேன். தெரியாது. இரண்டு மணி நேரத்தில் கண்ணுக்குத் தெரிவது மேல்பூச்சு மட்டும்தான். மேல்பூச்சை மட்டும் பார்த்துவிட்டுக் காரணம் தேடுகிறவனுக்குக் கையில் கிடைக்கிற ஒரே சரக்கு 'ரத்தம்'. பத்து நாளில் ஐந்து நாடு என்று விற்கிறவர்கள் நம்மை ஏமாற்றுகிறார்கள் என்றுகூட நான் சொல்லமாட்டேன். நாம் கேட்பதைத்தான் விற்கிறார்கள். எத்தனை ஊர் என்று நாம் எண்ணுகிறோம், அவர்கள் எண்ணிக்கையைக் கூட்டுகிறார்கள்.

கோபத்தில் ஒரு விரலை நீட்டினால் மற்ற விரல்கள் யார் பக்கம் திரும்பும் என்று எனக்குத் தெரியும். பழைய மாணவர்களே, உங்களில் பலரைத் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு நான்தான் கூட்டிப் போனேன். எத்தனை நேரம் கொடுத்தேன்? முக்கால் மணி. விசிலை ஊதி, "வரிசை! வரிசை! விமானத்தோட உயரத்தைக் குறிச்சுக்கோ!" என்று விரட்டினேன். வெளியே வந்து தலையாட்டிப் பொம்மை வாங்க அரை மணி. அந்தக் கோயிலின் அடிச்சுவர் முழுக்கத் தமிழில் கணக்கு எழுதியிருக்கிறது. ராஜராஜன் யாருக்கு என்ன கொடுத்தான், நானூறு ஆடல் மகளிரின் பெயர் என்ன, எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு என்பதுவரை இருக்கிறது. ஒரு தடவையாவது உங்களை அந்தச் சுவருக்கு முன்னால் உட்கார வைத்து ஒரு வரியை எழுத்துக்கூட்டிப் படிக்க வைத்தேனா? இல்லை. 87 மீட்டர் என்று சொன்ன வழிகாட்டிக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? அதற்கு உங்கள் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்கிறேன். பஸ்ஸில் கேட்டதைவிட இது பெரிய மன்னிப்பு.

(இதைப் படித்துவிட்டு "பார்த்தீர்களா, நம்மிடம் எல்லாமே அப்போதே இருந்தது" என்று யாரும் பின்னூட்டம் போட வேண்டாம். அதுவும் ரத்தப் பேச்சின் மறுபக்கம்தான்.)

இனி போகப்போகிறவர்களுக்கு. பயண ஏற்பாட்டாளரிடம் எத்தனை ஊர் என்று கேட்காதீர்கள், ஒரு ஊரில் எத்தனை மணி நேரம் என்று கேளுங்கள். சியெனாவுக்கு ஒரு இரவாவது தங்கப் போங்கள். சாயங்காலம் பஸ்கள் கிளம்பிய பிறகு ஊர்க்காரர்கள் அந்தத் திடலின் சரிவில் உட்கார்ந்து பேசுவார்களாம், அதை நான் பார்க்கவில்லை. பேராலயத்துக்கு எதிரே சான்டா மரியா தெல்லா ஸ்காலா என்ற பழைய ஆஸ்பத்திரி இருக்கிறது. ஐரோப்பாவின் மிகப் பழைய மருத்துவமனைகளில் ஒன்று, இப்போது காட்சியகம். நோயாளிகளைப் பார்த்துக்கொண்டதையும், கைவிடப்பட்ட குழந்தைகளை எடுத்து வளர்த்துப் படிக்க வைத்துக் கல்யாணமும் செய்து கொடுத்ததையும் அதன் கூடத்துச் சுவர்களில் 1440களில் வரைந்திருக்கிறார்கள். அதன் வாசலை மட்டும் பார்த்துவிட்டு வந்தவன் நான். நீங்களாவது உள்ளே போங்கள். அந்த மூன்று சுவர் அறைக்குக் குழந்தைகளையும் கூட்டிப் போங்கள். அவர்கள் நம்மைவிட நன்றாகப் பார்ப்பார்கள்.

பேத்திக்கு நேற்று ராத்திரி போனில் பதில் சொல்லிவிட்டேன். "ரத்தம் ஒண்ணுதான்டா, எழுதி வைக்கிறதும் அதை விடாமப் பிடிக்கிறதும்தான் வேற" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அந்தக் கயிறு மாதிரியா தாத்தா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

மைத்துனருக்கு: அடுத்த தடவையும் ஒன்றாகவே போவோம். ஒரே ஊர், நான்கு நாள். பெட்டியை நீங்கள் தூக்குங்கள். பஸ் நேரத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தாராளமாகக் கீழே எழுதுங்கள். எழுத்துப்பிழை இல்லாமல் எழுதுங்கள். திருத்துகிற பழக்கம் இன்னும் போகவில்லை.

அன்புடன்,
உங்கள் பழைய வரலாற்று வாத்தியார்